நடுவில் நிற்கும் ஊர்: தம்மம்பட்டியின் நாளையை யார் வரைவது?

தம்மம்பட்டியில் மரச்சிற்பிகள் குடியிருக்கும் தெருவுக்குள் நுழைந்தால், சிலைகள் கண்ணில் படுவதற்கு முன்பே கொட்டாப்புளிச் சத்தம் காதுக்கு வந்துவிடும். வாசலை ஒட்டித் தூங்குவாகைத் துண்டுகள் காய்ந்துகொண்டிருக்கும். தகரச் சாய்ப்பின் கீழே ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, பாதங்களால் மரத்தை அணைத்துப் பிடித்தபடி, கரியால் போட்ட கோட்டின் மேல் உளியை வைத்துத் தட்டிக்கொண்டிருப்பார். யாளியின் வாயோ, திருவாசியின் வளைவோ, குதிரை வாகனத்தின் பிடரியோ கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்குள்ளிருந்து வெளியே வரும். செதுக்கிய சில்லுகள் வாசலில் கிடக்கும். அதன் மேலேயே பிள்ளைகள் விளையாடும். உள்ளே உலை கொதிக்கும். புவிசார் குறியீடு பெற்ற ஒரு கைத்தொழில், குடியிருக்கும் வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் சுவர் இல்லாமல் நடக்கிறது.

நகரமைப்பு வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை என்று நிறம் பூசுவது வழக்கம். இந்த வீட்டுக்கு என்ன நிறம் பூசுவது? மஞ்சள் பூசினால், நாளைக்குப் பக்கத்தில் மாடிவீடு கட்டி வருகிறவர் தூசியும் சத்தமும் தாங்கவில்லை என்று மனு கொடுக்கலாம். ஊதா பூசினால், தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த இடம் வீடு இல்லை என்றாகிவிடும். மாவட்டத் தலைநகரில் மேசை மேல் வரைபடத்தை விரித்துவைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி எழக்கூட வழியில்லை. தெருவில் இருப்பவருக்கோ இது சோற்றுப் பிரச்சினை. ஊராரைக் கேட்காமல் ஊருக்குத் திட்டம் போட முடியாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்: திட்டத்துக்குத் தேவையான விவரங்களில் பாதி அவர்களிடம்தான் இருக்கிறது.

தம்மம்பட்டி சேலம் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், கங்கவல்லி வட்டத்தில் இருக்கும் பேரூராட்சி. ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சைமலை, நடுவே சுவேத நதி. வடக்கே ஆத்தூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தெற்கே போனால் துறையூர். மேற்கே முள்ளுக்குறிச்சி, நாமகிரிப்பேட்டை வழியாக ராசிபுரம், அதாவது நாமக்கல் மாவட்டம். மக்கள்தொகை 20 ஆயிரத்துக்குச் சற்று மேல். சட்டமன்றத்துக்குக் கங்கவல்லித் தொகுதி, மக்களவைக்குக் கள்ளக்குறிச்சி. உக்கிர கதலி லட்சுமி நரசிம்மர் கோயிலும், தை மாத ஜல்லிக்கட்டும், மரச்சிற்பமும் ஊருக்கு வெளியே பெயர் வாங்கித் தந்தவை. சுற்றிலும் பாக்குத் தோப்பு, மரவள்ளி, மஞ்சள், சின்ன வெங்காயம், மக்காச்சோளம்.

இந்த ஊரைத் தினமும் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பகுதியினர் இங்கே குடியிருப்பவர்கள் இல்லை. உலிபுரம், நாகியம்பட்டி, கொண்டயம்பள்ளி, செந்தாரப்பட்டி என்று சுற்றுப்பட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் உரக்கடைக்கும் வருகிறார்கள். மலைமேலிருந்து மலையாளிப் பழங்குடியினர் விளைச்சலைத் தலையில் சுமந்தும், பஸ் கூரையில் ஏற்றியும் கொண்டு வருகிறார்கள். இவர்களில் யாருக்கும் இந்தப் பேரூராட்சியின் தேர்தலில் ஓட்டு கிடையாது. ஆனால் பேருந்து நிலையத்தில் நிழல் இருக்கிறதா, பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா, சந்தையில் மூட்டை இறக்க இடம் இருக்கிறதா என்பது இவர்களுடைய பிழைப்பைத் தொடும் விஷயம். கிராமப்புற நகரம் ஒன்றைத் திட்டமிடும்போது 'குடியிருப்போர் பங்கேற்பு' என்ற சொல் போதாமல் போகும் முதல் இடம் இது. வார்டு வாக்காளர் பட்டியலோடு கேட்பதை நிறுத்திக்கொண்டால், ஊரின் பாதி உபயோகஸ்தர்கள் விட்டுப்போவார்கள்.

திட்டம் என்ற ஒன்று வருவதற்கு முன்பே இத்தகைய ஊர்கள் வளர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. எப்படி வளர்கின்றன என்பதைச் சேலம், நாமக்கல் சமவெளியில் பஸ்ஸில் போகிற எவரும் ஜன்னல் வழியே பார்க்கலாம். கிணறு வற்றிப்போன ஒரு தோட்டம். பிள்ளை படிப்புக்கோ பெண் கல்யாணத்துக்கோ பணம் தேவைப்படுகிறது. புரோக்கர் வருகிறார், விலை படிகிறது. ஒரு வாரத்தில் ஜே.சி.பி. வந்து தென்னையைச் சாய்க்கிறது. செம்மண் சாலை போடுகிறார்கள், வெள்ளையடித்த மனைக்கல்லை வரிசையாக நடுகிறார்கள், முகப்பில் ஏதோ ஒரு 'நகர்' என்று வளைவு எழுப்பிக் கொடித்தோரணம் கட்டுகிறார்கள். அடுத்த தோட்டத்தில் இன்னொருவர் இன்னொரு 'நகர்' போடுகிறார். இவர் சாலை அவர் சாலையோடு சேராது. இவர் சாக்கடை அவர் மனையின் ஓரத்தில் போய் முட்டி நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஓடிய வாய்க்கால் எங்கே போயிற்று என்று முதல் பெருமழை நாளன்றுதான் எல்லாருக்கும் நினைவு வரும். ஊரின் அடுத்த 50 ஆண்டு உருவத்தை இந்த மனைக்கற்கள்தான் முடிவு செய்கின்றன.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2016 காட்டியது. அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் பெறாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடின. சிறுகச் சிறுகச் சேர்த்து மூன்று சென்ட் வாங்கியவர்கள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள். 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்த மனைகளுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ள வழி கிடைத்தது. பத்திரச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் குறுகிய சாலை குறுகியபடியே இருக்கிறது, மூடிய வாய்க்கால் மூடியபடியே இருக்கிறது. பணம் கட்டித் தாளைத்தான் நேராக்க முடிந்தது. 2019-இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளிக்கு ஒதுக்கச் சொல்கின்றன. நல்ல விதி. அந்த 10 விழுக்காடு எந்த மூலையில் விழும், அதில் மைதானம் வருமா, முள் மண்டுமா என்பதைப் பார்த்துக்கொள்ள அங்கே குடிவந்தவர்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

சட்டம் ஊராருக்குக் கதவே வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டினது. முழுமைத் திட்டம் ஒன்றைத் தயாரித்தால் அதை அறிவித்து, இரண்டு மாதத்துக்குக் குறையாத காலத்துக்குள் ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுத்தில் பெற வேண்டும் என்று அது சொல்கிறது. இதில் நான் காணும் குறை நேரத்தைப் பற்றியது. வரைபடம் வரைந்து, நிறம் பூசி, சர்வே எண்களை அட்டவணையாக்கிய பிறகுதான் ஊராரின் முறை வருகிறது. அப்போது அவர்களால் செய்ய முடிவது ஒன்றுதான்: என் சர்வே எண்ணில் ஏன் சாலை போட்டாய் என்று கேட்பது. ஆகவே வருகிற மனுக்கள் எல்லாம் தனித்தனிச் சொத்து மனுக்களாக இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு, மக்களுக்குப் பொதுநோக்கு கிடையாது என்று அதிகாரிகள் முடிவு கட்டுகிறார்கள். பொதுக் கேள்வியைப் பொதுவில் எப்போது கேட்டார்கள்?

மக்களைக் கேட்பதில் உள்ள இத்தகைய போதாமையைத்தான் அமெரிக்க ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஏணியாக வரைந்து காட்டினார். எட்டுப் படிகள். கீழ்ப் படிகளில் மக்களைத் தந்திரமாகச் சம்மதிக்கவைப்பது. நடுப் படிகளில் அவர்களுக்குத் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது. மேல் படிகளில் அதிகாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வது. கருத்துக் கேட்பதோடு நின்றுவிட்டால் அது அடையாளச் சடங்குதான் என்பது அவர் வாதம். அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்த பிறகும் நம் கருத்துக்கேட்புக் கூட்டங்களைப் பார்க்கும்போது, அந்த நடுப் படியைத் தாண்டியவை மிகச் சிலவே.

பேரூராட்சிக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. அது ஊரா நகரமா என்பது சட்டத்துக்கே நெடுநாள் பிடிபடவில்லை. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசமைப்புத் திருத்தம், கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதி என்றே இத்தகைய ஊர்களை வரையறுக்கிறது. அதே திருத்தம் கொண்டுவந்த 12-ஆவது அட்டவணையின் 18 பணிகளில் முதலில் நிற்பது நகரத் திட்டமிடல். தமிழ்நாடோ 2004-இல் 561 பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றி, 2006-இல் மறுபடியும் பேரூராட்சிகளாக்கியது. பெயர்ப் பலகையை இரண்டு முறை மாற்றி எழுதிய ஊர்கள் இவை.

கிராம ஊராட்சி என்றால் கிராமசபை உண்டு. 2022-க்குப் பிறகு ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம், தீர்மானம் போடலாம். பேரூராட்சி ஆனதும் அந்த மரத்தடி போய்விடும். பெருநகரங்களில் வார்டுக் குழு வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் கட்டாயமாக்குகிறது, ஆனால் அதற்கு மூன்று லட்சம் மக்கள்தொகை வேண்டும். 20 ஆயிரம் பேர் வாழும் ஊர் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பகுதி சபை வந்தது. 2010-இல் சட்டத் திருத்தம், 2022-இல் விதிகள், அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாளில் முதல் கூட்டங்கள், பேரூராட்சிகளுக்கும் சேர்த்துத்தான். 12 ஆண்டு தாமதம் என்றாலும் வரவேற்க வேண்டிய ஏற்பாடு. ஆனால் குறைதீர்க்கும் கூட்டம் போலவே அது நடந்து முடிகிறது. தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, குடிநீர் வாரம் ஒருமுறைதான் வருகிறது. இவை நியாயமான குறைகள். ஊர் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்ற பேச்சுக்கு அந்த நிகழ்ச்சிநிரலில் இடம் வைத்தால்தான் அது திட்டமிடலாகும்.

அதற்கு முந்தைய கதையையும் மறக்கக்கூடாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டுக்கு மேல் கவுன்சிலர் இல்லை, தலைவர் இல்லை. தனி அலுவலர்தான் மன்றம். வரன்முறைப்படுத்தலும் மனைப்பிரிவுப் பெருக்கமும் நடந்த அதே ஆண்டுகளில், கேட்பதற்கு மட்டும் அல்ல, கேட்கப்படுவதற்கும் ஊரில் ஆள் இருக்கவில்லை.

வெளிக்காற்று கொஞ்சம் வேண்டும் என்பதால் பின்னோக்கிப் போகிறேன். 1914-இல் ஸ்காட்லாந்துக்காரர் பாட்ரிக் கெடஸ், சென்னை கவர்னர் பென்ட்லண்டின் அழைப்பில் இங்கே வந்தார். தாவரவியல் பேராசிரியர், நகரங்களையும் உயிருள்ளவையாகப் பார்த்தவர். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருட்களை ஏற்றி வந்த கப்பலை, சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய அதே எம்டன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. நண்பர்கள் மறுபடியும் படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 தொடக்கத்தில் செனட் ஹவுஸில் கண்காட்சி நடந்தது. பிறகு மாகாணத்தின் ஊர் ஊராக நடந்து அறிக்கை எழுதினார். நேர்கோட்டில் சாலை போடுவதற்காகத் தெருத் தெருவாக இடிக்கும் திட்டங்களை அவர் எதிர்த்தார். தஞ்சாவூர் அறிக்கையில், எந்தெந்த இடிந்த வீட்டை மட்டும் எடுத்தால் தெரு மூச்சுவிடும் என்று வீடு வீடாகப் பார்த்துச் சொன்னார். குறைந்த செலவு, குறைந்த கண்ணீர். முதலில் ஊரைப் படி, பிறகு மருந்து சொல் என்பதே அவருடைய முறை. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்த ஆண்டுகளின் உற்சாகம் இருக்கிறது. அவருடைய முறையை மட்டும் நாம் சட்டத்துக்குள் எடுத்துக்கொள்ளவில்லை.

கெடஸ் இந்தூரில் செய்த ஒரு காரியம் எனக்கு எப்போதும் பிடித்தது. பிளேக் பரவியிருந்த காலம். எலியை ஒழிக்க வேண்டும், தெருவைச் சுத்தம் செய்ய வேண்டும். அரசாணைக்கு யாரும் அசையவில்லை. தீபாவளி ஊர்வலத்தை அவர் கையில் எடுத்தார். வழக்கமான வீதிகளில் ஊர்வலம் போகாது, எந்தத் தெருக்கள் மிகச் சுத்தமாக இருக்கின்றனவோ அவற்றின் வழியேதான் போகும் என்று அறிவித்தார். தெருக்களுக்குள் போட்டி மூண்டது. குப்பை வண்டி வண்டியாக வெளியேறியது, சுவர்கள் வெள்ளையாயின. ஊர்வலத்தில் பிளேக் அரக்கனின் உருவத்தைக் கொண்டுபோய் எரித்தார்கள். ஊரின் பண்டிகைக்குள் இருந்த ஆற்றலைத் திட்டத்துக்குள் கொண்டுவந்தார் அவர். தம்மம்பட்டிக்கு இது அந்நியமான பாடம் இல்லை. தேர் ஓடும் வீதியை யாரும் அளவு மீறி ஆக்கிரமிப்பதில்லை, தேருக்கு வழிவிட வேண்டுமே என்பதால். ஜல்லிக்கட்டுக்கு வாடிவாசல் அமைத்து, தடுப்புக் கட்டி, மருத்துவர், கால்நடை மருத்துவர், காவல் துறை, ஆட்சியர் அனுமதி என்று அத்தனையையும் ஒருங்கிணைக்கத் தெரிந்த ஊருக்குத் திட்டம் போடத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பக்கத்து மாநிலமான கேரளம் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதுதான் சூட்சுமம். எவ்வளவு பணம் என்று தெரிந்ததும் கூட்டத்தின் பேச்சு மாறுகிறது. கோரிக்கை வைக்கும் கூட்டம், தேர்ந்தெடுக்கும் கூட்டமாகிறது. ஒவ்வொரு ஊராட்சியும் தன் நிலம், நீர், தொழில், பள்ளி பற்றி வளர்ச்சி அறிக்கை எழுதியது; அதன் மேல் கருத்தரங்கு, பணிக்குழு, பிறகு திட்டம். சிறு நகரங்களிலும் வார்டு சபை உண்டு. ஆண்டுகள் போகப் போக ஆள் வரவு குறைந்தது, பயனாளிப் பட்டியலில் பெயர் சேர்க்க வருகிறவர்களே மிஞ்சினார்கள் என்ற விமர்சனமும் உண்மைதான். அதே காலத்தில் உலகம் பேசிய பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரிலும் 1989-இல் தொடங்கிய மக்கள் பங்கேற்பு வரவு செலவுத் திட்டம், ஆட்சி மாற்றங்களில் தேய்ந்து 2017-இல் நின்றது. இவை தோற்றன என்று இதைக்கொண்டு முடிவு கட்டமாட்டேன். தலைவர்களின் விருப்பத்தில் தொங்கும் பங்கேற்பு அவர்களோடு போய்விடும் என்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இலங்கையின் அனுபவம் நம் அளவுக்கு இன்னும் பொருந்தும். 1984 முதல் 1989 வரை நடந்த பத்து லட்சம் வீடுகள் திட்டத்தில், குடிசைப் பகுதிகளில் இரண்டு நாள் பட்டறை நடத்தினார்கள். முதல் நாள் பிரச்சினையைப் பட்டியலிடுவது. இரண்டாம் நாள் எதை யார் எப்போது செய்வது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. கிணறு, வடிகால், பொதுக் கழிப்பறை போன்ற வேலைகளைக் குத்தகைக்காரருக்குப் பதில் அந்தக் குடியிருப்பின் சங்கத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் இதற்கு அருகில் வருவது 'நமக்கு நாமே திட்டம்'. பொதுவாக மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். நல்ல எண்ணம், ஆனால் பணம் திரட்டக்கூடிய தெருவுக்கே சாலை வரும். காலனிக்கு அந்தப் பங்கு எங்கிருந்து வரும்?

கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் போக வேண்டியதில்லை. ராசிபுரத்தில் பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே அணைப்பாளையத்துக்கு மாற்றும் முடிவு 2024-இல் வந்தபோது, வணிகர்கள் கடையடைத்தார்கள், பொதுமக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். நெரிசலுக்குத் தீர்வு வேண்டும் என்பதை அங்கே யாரும் மறுக்கவில்லை. எங்கே என்ற கேள்வியில்தான் ஊர் பிளந்தது. பேருந்து நிலையம் நகர்ந்தால் நூற்றுக்கணக்கான சிறுகடைகளின் வரும்படி நகர்கிறது, நாமகிரிப்பேட்டைப் பக்கமிருந்து வரும் கூலிப்பெண் இன்னொரு பஸ் ஏற வேண்டியதாகிறது. சேலம் சென்னை எட்டு வழிச்சாலை இன்னும் பெரிய பாடம். 277 கிலோமீட்டர், 10 ஆயிரம் கோடி ரூபாய். 2018-இல் தங்கள் வயலில் கல் நடுவதைப் பார்த்துத்தான் பல விவசாயிகளுக்குச் சாலை வருவதே தெரிந்தது. 2019 ஏப்ரல் 8 அன்று நில எடுப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று, புதிதாக அறிவிக்கை கொடுத்துத் தொடரலாம் என்றது உச்ச நீதிமன்றம். அந்த ஆண்டுகளில் எத்தனை வயல்கள் விற்கவும் முடியாமல், கிணறு வெட்டவும் துணியாமல் கிடந்தன!

2025 ஜனவரியில் இன்னொன்று நடந்தது. கிராம ஊராட்சிகளை அருகிலுள்ள நகர்ப்புற உள்ளாட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்ததும், பல ஊர்கள் கிராமசபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. 100 நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்றார்கள். இதைப் பத்தாம்பசலித்தனம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு அது மிகத் தெளிவான கணக்காகப் பட்டது. நகரமானால் என்ன கிடைக்கும் என்று சொல்லாமல், என்ன போகும் என்று மட்டும் தெரிந்திருக்கும்போது யார்தான் சம்மதிப்பார்கள்?

மறுபக்கத்து வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கூட்டத்துக்கு யார் வருகிறார்கள்? வேலைக்குப் போகாமல் இருக்க முடிந்தவர்கள். யார் பேசுகிறார்கள்? சாதியும் சொத்தும் கட்சியும் தைரியம் கொடுத்தவர்கள். ஊர்த் தெருவில் கூட்டம் போட்டால் காலனிக்காரர் ஓரத்தில் நிற்பார். பெண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு 2016-இல் சட்டமானது, ஆனால் கவுன்சிலரின் கணவர் பேசும் கூட்டங்கள் இன்றும் நடக்கின்றன. நிலத்தை மனையாக்கி விற்கக் காத்திருப்பவரும் குடியிருப்பவர்தான். ஊரைக் கேட்டால் அவர் குரலே ஓங்கி ஒலிக்கும். இவை எல்லாம் உண்மை. ஆனால் இதே ஆட்கள் கேட்காமல் எடுக்கும் முடிவுகளிலும் செல்வாக்குச் செலுத்துகிறார்கள், மூடிய அறைக்குள். திறந்த கூட்டத்தில் அதைப் பத்துப் பேராவது பார்க்கிறார்கள். ஆகவே கேட்கும் முறையைத் திருத்த வேண்டும் என்பதற்குத்தான் இந்த வாதங்கள் துணை நிற்கின்றன.

முறை நம்மிடமே இருக்கிறது. புது வாழ்வுத் திட்டக் காலத்தில், 2005-க்குப் பிறகு, 'மக்கள் நிலை ஆய்வு' என்ற பெயரில் கிராமங்களில் தெருவில் உட்கார்ந்து கோலப்பொடியால் ஊர்ப்படம் வரைந்தார்கள். யார் வீடு எங்கே, எது குடிசை, எந்த வீட்டில் மாற்றுத்திறனாளி, யார் உண்மையில் ஏழை என்று ஊரே சொல்லிக் குறித்தது. அச்சடித்த வரைபடத்தின் முன் வாய் திறக்காத பெண்கள், தரையில் கோடு விழுந்ததும் குனிந்து, இது இங்கே இல்லை, அங்கே என்று கையால் அழித்துத் திருத்துவார்கள். கோலம் அவர்கள் கையில் உள்ள கலை. வரைபடம் அந்த வடிவத்தில் வந்தபோது அதிகாரமும் கொஞ்சம் கைமாறியது.

தம்மம்பட்டியில் இப்படி ஒரு படம் போட்டால் அதில் என்னவெல்லாம் ஏறும் என்று யோசித்துப் பார்க்கிறேன். சுவேத நதி முதலில் ஏறும். ஆண்டில் பெரும்பகுதி மணலும் முள்ளுமாகக் கிடந்து, மலையில் மழை கொட்டினால் சில மணி நேரத்தில் இரு கரை புரளும் ஆறு அது. கீழே வசிஷ்ட நதியோடு சேர்ந்து வெள்ளாறாகிறது. வெள்ளம் எந்த ஆண்டு எந்த வீட்டுப் படி வரை வந்தது என்பது எழுபது வயதுக்காரர்களின் நினைவில் இருக்கிறது. அந்தக் கோட்டைக் குறித்துவிட்டால், அதற்குள் மனைக்கல் நடக்கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அடுத்து, மலையிலிருந்து இறங்கும் ஓடைகள். புலப்படத்தில் மெல்லிய கோடாக இருந்து, தரையில் இப்போது சாக்கடையாகவோ சாலையாகவோ மாறியவை. பாக்கு உரிக்கவும் வேகவைக்கவும் காயவைக்கவும் களம் எங்கே வேண்டும்? மரவள்ளியை நம்பும் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடக்கூடாது? குப்பைக் கிடங்கு எங்கே போகும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எல்லா ஊரிலும் ஒரே பதில்தான் இதுவரை: ஏழைகள் இருக்கும் பக்கம், அல்லது ஆற்றங்கரை. காலனிக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து வரைந்த படமானால் அந்தப் பதில் அவ்வளவு எளிதாக வராது.

சிற்பிகளின் தெருவும் படத்தில் ஏறும். மரம் ஏற்றி வரும் லாரி திரும்ப இடம் வேண்டும், மரம் காய நிழல் வேண்டும், தூள் பறக்காமல் கடைசல் இயந்திரம் ஓட்டப் பொதுக் கூடம் வேண்டும், வீட்டிலேயே உளி பிடிக்க உரிமையும் வேண்டும். வாகை மரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பேச்சு பேரூராட்சி எல்லையைத் தாண்டிப் போகும். ஆற்றங்கரையிலும் சாலை ஓரத்திலும் பள்ளிக்கூட மைதானத்திலும் வாகை நட்டால் இன்னும் இருபது முப்பது ஆண்டில் அந்தத் தெருவுக்கு மரம் கிடைக்கும். இதை எந்த நிறத்தில் பூசுவது என்று விதிப்புத்தகத்தில் இல்லை. ஆனால் இது நகரத் திட்டம்தான்.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஆண்டின் ஒரு பகுதி சபைக் கூட்டத்தை வரைபடத்துக்கென்று ஒதுக்க மன்றமே தீர்மானிக்கலாம். செயல் அலுவலர் (இ.ஓ.) அலுவலகம் புலப்படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டலாம், தமிழில், தெருப் பெயர்களோடு. அடுத்த நிதியாண்டில் ஊர் தானாகச் செலவிடக்கூடிய தொகை இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடலாம். பேச்சில் வந்ததை எழுதி, எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டலாம். மாவட்டத் திட்டக் குழுவின் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினரை உள்ளாட்சிகளின் உறுப்பினர்களே தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அரசமைப்பு. இந்தப் படம் அந்த மேசைக்கும் போக வேண்டும், ஏனென்றால் ஆற்றின் மேல்பக்கத்து ஊர் செய்வது கீழ்பக்கத்து ஊரின் தலையில் விழுகிறது.

மலைக்காரர்களுக்கென்று ஒரு நாள் தனியாக வேண்டும். அவர்களை மண்டபத்துக்கு அழைத்தால் வரமாட்டார்கள். மாலை பஸ்ஸை விட்டால் இரவு தங்க இடமில்லை. சந்தை நாளில், அவர்கள் மூட்டை இறக்கும் இடத்திலேயே, காலை ஒன்பது மணிக்குள் தரையில் படம் போட்டுவிட வேண்டும். முதல் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, கடைசிப் பஸ் எத்தனை மணிக்குப் போகிறது, நடுவில் கைக்குழந்தையோடு வந்தவள் எங்கே உட்காருகிறாள், தண்ணீர் எங்கே குடிக்கிறாள் என்று அங்கே கேட்டு அங்கேயே குறித்துக்கொள்ளலாம்.